‘ஆய்வில் நிரூபிக்கப்பட்டது’ என்றால் என்ன? மாத்திரையை நிறுத்தும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

கோலாலம்பூர் - காலையில் புலனக் குழுவைத் திறந்தால் வணக்கப் படத்துக்கு அடுத்தபடியாக வருவது பெரும்பாலும் ஒரு மருத்துவக் குறிப்புதான். வெறும் வயிற்றில் பாகற்காய்ச் சாறு குடித்தால் இனிப்புநீர் ஓடிவிடும். இந்த இலையைக் கொதிக்க வைத்துக் குடித்தால் சிறுநீரகக் கல் கரைந்துவிடும். மருத்துவமனை மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். இப்படிப்பட்ட செய்திகளின் கீழே தவறாமல் ஒரு வரி இருக்கும்: ‘இது ஆய்வில் நிரூபிக்கப்பட்டது.’

அந்த ஒரு வரிதான் பலரை நம்ப வைக்கிறது. தெரிந்த அக்கா சொன்னார், பக்கத்து வீட்டு மாமா சொன்னார் என்றால் யோசிப்பவர்கள்கூட, ‘ஆய்வு’ என்ற சொல்லைக் கண்டதும் யோசிப்பதை நிறுத்திவிடுகிறார்கள்.

இதில் நம் சமூகத்துக்கு இழப்பு அதிகம். 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, நாட்டில் 18 வயதுக்கு மேற்பட்டவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. மூவரில் ஒருவர் என்ற அளவை நெருங்கும் எண்ணிக்கை இது. நாட்டில் புதிதாக டயாலிசிஸ் செய்யத் தொடங்குபவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் நீரிழிவால் சிறுநீரகம் பழுதானவர்கள். ஒரு புலனச் செய்தியை நம்பி மாத்திரையை நிறுத்துபவர், அதன் விலையைச் சில ஆண்டுகள் கழித்து வாரம் மூன்று முறை டயாலிசிஸ் இயந்திரத்தின் முன் உட்கார்ந்து கொடுக்க நேரலாம்.

ஆகவே ‘ஆய்வு இருக்கிறதா?’ என்று கேட்பது மட்டும் போதாது. எப்படிப்பட்ட ஆய்வு, யாரிடம் செய்தது, எதனோடு ஒப்பிட்டது என்றும் கேட்க வேண்டும். இதற்கு நம் நாட்டிலேயே நல்ல பாடம் ஒன்று இருக்கிறது. கோவிட்-19 காலத்தில் எல்லார் வாயிலும் அடிபட்ட ஐவர்மெக்டின் மருந்தின் கதை அது.

கண்ணாடிப் பாத்திரத்தில் கிடைத்த வெற்றி

ஐவர்மெக்டின் போலி மருந்து அல்ல. மனிதர்களையும் கால்நடைகளையும் தாக்கும் ஒட்டுண்ணிகளைக் கொல்வதில் அது கைதேர்ந்தது. ஆப்பிரிக்காவில் ஏராளமானவர்களின் பார்வையைப் பறித்த ஒட்டுண்ணி நோயைக் கட்டுப்படுத்தியதும் இந்த மருந்துதான். இதற்கு வழிவகுத்த கண்டுபிடிப்புக்காக ஜப்பானின் சத்தோஷி ஓமுராவும், அயர்லாந்தில் பிறந்த வில்லியம் கேம்பலும் 2015-ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு பெற்றவர்களில் இடம்பெற்றனர்.

கோவிட் கிருமிக்கு எதிராகவும் இது வேலை செய்யுமா என்ற கேள்வி 2020 ஏப்ரலில் எழுந்தது. ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகர ஆய்வாளர்கள், ஆய்வுக்கூடப் பாத்திரத்தில் வளர்த்த உயிரணுக்களில் கிருமியைச் செலுத்தி, அதன்மேல் ஐவர்மெக்டினைச் சேர்த்தனர். 48 மணி நேரத்தில் கிருமியின் அளவு ஏறக்குறைய 5,000 மடங்கு குறைந்தது.

இது பொய்யான ஆய்வு அல்ல. ஆனால் அது பதில் சொன்ன கேள்வி வேறு. பாத்திரத்தில் உள்ள உயிரணுக்களுக்கு என்ன ஆகும் என்பதைத்தான் அது சொன்னது. நோயாளிக்கு என்ன ஆகும் என்பதை அது சொல்லவில்லை. அங்கே பயன்படுத்திய மருந்தின் செறிவு, மனிதருக்கு வழக்கமாகக் கொடுக்கும் அளவில் இரத்தத்தில் சேரக்கூடியதைவிடப் பல மடங்கு அதிகம். பாத்திரத்தில் உள்ள கிருமியைச் சவர்க்காரத் தண்ணீரும் கொன்றுவிடும். அதற்காக யாரும் சவர்க்காரத் தண்ணீரைக் குடிப்பதில்லை.

இன்றும் ‘புற்றுநோய் அணுக்களை அழிக்கிறது’, ‘சர்க்கரையைக் குறைக்கிறது’ என்று வரும் செய்திகளில் பல, இப்படி உயிரணுக்களிலோ எலிகளிலோ நடந்த சோதனைகள்தாம். அவை மனிதரிடம் சோதித்துப் பார்க்கலாம் என்பதற்கு ஒரு காரணம் தருகின்றன. மனிதரைக் குணப்படுத்தும் என்பதற்கு அவை சான்றாகா.

சரிபார்க்கும் முன்பே பரவிய எண்கள்

2020 நவம்பரில் எகிப்திலிருந்து ஓர் ஆய்வு வந்தது. ஐவர்மெக்டின் கொடுத்தவர்களிடையே இறப்பு 90 விழுக்காடு வரை குறைந்ததாக அது கூறியது. அவ்வளவு பெரிய பலன் உண்மையாக இருந்திருந்தால் உலகமே அந்த மருந்தைக் கையில் எடுத்திருக்கும்.

ஆனால் அது மருத்துவ இதழில் வெளியானதன்று. ஆய்வாளர்கள் தங்கள் கட்டுரையைத் தாங்களே இணையத்தில் ஏற்றி வைக்கும் ‘முன்பதிப்பு’ தளத்தில் வெளியானது. இதழில் ஒரு கட்டுரை வருமுன், அதே துறையைச் சேர்ந்த வேறு வல்லுநர்கள் அதைப் படித்துக் குறை நிறைகளைக் கேட்பார்கள். முன்பதிப்புக்கு அந்தச் சோதனை இல்லை. பெருந்தொற்றுக் காலத்தில் தகவல் விரைவாகப் போய்ச் சேர வேண்டும் என்பதற்காக முன்பதிப்புகள் பெரிதும் பயன்பட்டன. கூடவே சரிபார்க்கப்படாத எண்களும் பரவின.

2021 ஜூலையில், லண்டனில் படித்துக் கொண்டிருந்த ஒரு மருத்துவ மாணவர் இந்தக் கட்டுரையைப் பாடத்துக்காகப் படித்தபோது சந்தேகம் கொண்டார். சில பத்திகள் வேறு இடங்களிலிருந்து எடுக்கப்பட்டவை போல் இருந்தன. நோயாளிகளின் விவரக் கோப்பைத் திறந்து பார்த்தபோது, ஆய்வு தொடங்குவதற்கு முன்பே இறந்துபோன சிலரும் அதில் பங்கேற்றவர்களாகப் பதிவாகியிருந்தனர். ஒரே விவரம் திரும்பத் திரும்ப வந்திருந்தது. அந்த மாதமே தளம் அக்கட்டுரையை மீட்டுக் கொண்டது.

பாதிப்பு அதோடு முடியவில்லை. பல ஆய்வுகளை ஒன்றுகூட்டிக் கணக்கிடும் ‘தொகுப்பாய்வு’ ஒன்று அதற்குள் எகிப்து எண்களையும் சேர்த்துக் கொண்டு, ஐவர்மெக்டின் உயிர் காக்கிறது என்று முடிவு சொல்லியிருந்தது. பிறகு அதன் ஆய்வாளர்களே சந்தேகத்துக்குரிய ஆய்வுகளை நீக்கிவிட்டுக் கணக்கை மீண்டும் போட்டார்கள். இறப்பைக் குறைக்கும் என்று தெரிந்த பலன் மறைந்துவிட்டது. ‘பத்து ஆய்வுகள் சொல்கின்றன’ என்பது நல்ல செய்திதான். ஆனால் அந்தப் பத்தும் நல்ல ஆய்வுகளாக இருக்க வேண்டும். கலப்படப் பாலை நல்ல பாலோடு கலந்தால் எல்லாம் கெட்டுப்போகும்.

மலேசியாவின் 20 அரசாங்க மருத்துவமனைகளில்

2021-ஆம் ஆண்டின் நடுப்பகுதி நாட்டுக்கு மிகக் கடினமான காலம். வீடுகளின் முன் வெள்ளைக் கொடி ஏற்றப்பட்டது. ஆகஸ்டு மாதத்தில் ஒரு நாளின் புதிய தொற்று 20,000-ஐத் தாண்டியது. ஐவர்மெக்டினை உடனே எல்லாருக்கும் கொடுக்க வேண்டும் என்ற குரல் ஒருபக்கம் வலுத்தது. மறுபக்கம், கோவிட்டுக்கு அது அங்கீகரிக்கப்படவில்லை என்று சுகாதார அமைச்சு சொல்லிக் கொண்டிருந்தபோதே சிலர் இணையத்தில் வாங்கிச் சாப்பிட்டார்கள்.

இந்த வாக்குவாதத்துக்கு நடுவில் நாட்டின் மருத்துவர்கள் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். சோதித்துப் பார்த்தார்கள். ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையின் தொற்றுநோய் நிபுணர் டாக்டர் ஸ்டீவன் லிம் தலைமையிலான குழு, 20 அரசாங்க மருத்துவமனைகளிலும் ஒரு தனிமைப்படுத்தும் மையத்திலும் 2021 மே இறுதியிலிருந்து அக்டோபர் வரை ஆய்வு நடத்தியது. பங்கேற்ற 490 பேரும் 50 அல்லது அதற்கு மேற்பட்ட வயதினர். ஏற்கனவே வேறு நோய் உள்ளவர்கள். பெரும்பாலோருக்கு உயர் இரத்த அழுத்தமும் பாதிக்கு மேற்பட்டோருக்கு நீரிழிவும் இருந்தன. சுருங்கச் சொன்னால், கோவிட் வந்தால் ஆபத்தாகக்கூடிய நம் வீட்டுப் பெரியவர்களைப் போன்றவர்கள்.

இவர்கள் இரண்டு குழுவாகப் பிரிக்கப்பட்டார்கள். 241 பேருக்கு வழக்கமான சிகிச்சையோடு ஐவர்மெக்டின் ஐந்து நாள் கொடுக்கப்பட்டது. மற்ற 249 பேருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். யார் எந்தக் குழு என்பதை மருத்துவரும் முடிவு செய்யவில்லை, நோயாளியும் முடிவு செய்யவில்லை. சீட்டுக் குலுக்கிப் போடுவதைப் போன்ற முறையில் அது முடிவானது.

ஏன் குலுக்கல்? மருத்துவர் தேர்ந்தெடுத்தால், தெரியாமலே தெம்பாக இருப்பவர்களுக்குப் புது மருந்தைக் கொடுத்துவிடக்கூடும். நோயாளி தேர்ந்தெடுத்தால், உடல்நலத்தில் அதிக அக்கறை உள்ளவர்கள் ஒரு பக்கம் சேர்ந்துவிடக்கூடும். அப்போது கிடைக்கும் வேறுபாடு மருந்தால் வந்ததா, ஆளால் வந்ததா என்று பிரித்தறிய முடியாது. குலுக்கிப் போட்டால் வயது, எடை, இனிப்புநீர், மனத்தெம்பு எல்லாம் இரண்டு பக்கமும் ஏறக்குறையச் சமமாக விழும்.

முடிவு 2022 பிப்ரவரியில் ‘ஜாமா இன்டர்னல் மெடிசின்’ என்ற அமெரிக்க மருத்துவ இதழில் வெளிவந்தது. ஆக்சிஜன் தேவைப்படும் அளவுக்கு நோய் முற்றியவர்கள் ஐவர்மெக்டின் குழுவில் 52 பேர், அதாவது 21.6 விழுக்காடு. மற்றக் குழுவில் 43 பேர், அதாவது 17.3 விழுக்காடு. நோய் முற்றுவதை மருந்து தடுக்கவில்லை. வயிற்றுப்போக்கு வந்தவர்கள் மருந்துக் குழுவில் 14 பேர். மற்றக் குழுவில் 4 பேர்.

189 பேரின் உண்மையான சாட்சியம்

இந்த எண்களை இன்னொரு விதமாகப் பார்த்தால், ‘எனக்குக் குணமானது’ என்ற பேச்சின் பலமும் பலவீனமும் புரியும்.

ஐவர்மெக்டின் சாப்பிட்ட 241 பேரில் 189 பேருக்கு நோய் முற்றவில்லை. இந்த 189 பேரும் வீடு திரும்பி, ‘நான் அந்த மருந்தைச் சாப்பிட்டேன், பிழைத்துக் கொண்டேன்’ என்று சொன்னால் அதில் ஒரு பொய்யும் இல்லை. அதைக் கேட்பவர்களுக்கு 189 சாட்சிகள் போதும், மருந்தை நம்பிவிடுவார்கள்.

ஆனால் மருந்து சாப்பிடாத 249 பேரில் 206 பேருக்கும் நோய் முற்றவில்லை. நூற்றுக்கு ஏறக்குறைய 83 பேர். அந்த 206 பேர் எதையும் பகிரப் போவதில்லை. ‘நான் ஐவர்மெக்டின் சாப்பிடாமல் தேறினேன்’ என்று யார் காணொளி போடுவார்கள்?

சொந்த அனுபவத்தின் சிக்கல் இதுதான். சொல்பவர் நேர்மையானவராக இருந்தாலும், அவர் மருந்து சாப்பிடாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது அவருக்கே தெரியாது. அதைக் காட்டுவதற்குத்தான் ஒப்பீட்டுக் குழு வேண்டும். சளி, காய்ச்சல், முதுகுவலி, தோல் அரிப்பு எல்லாம் ஏறி இறங்கும் இயல்புடையவை. உச்சத்தில் இருக்கும்போதுதான் மனிதர் புதிய வைத்தியம் தேடுகிறார். அதற்குப் பிறகு இயல்பாக இறங்குவதும் வைத்தியத்தின் கணக்கில் சேர்ந்துவிடுகிறது.

இன்னோர் ஆபத்தும் உண்டு. ‘மூன்றே நாளில் மூட்டு வலி போய்விட்டது’ என்று பெயர் வாங்கிய சில பாரம்பரியத் தயாரிப்புகளில் டெக்சாமெத்தாசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து கள்ளத்தனமாகக் கலக்கப்பட்டிருந்ததைச் சுகாதார அமைச்சு கண்டுபிடித்திருக்கிறது. வலி போனது உண்மை. போக்கியது மூலிகை அல்ல. மருத்துவர் கண்காணிப்பின்றி ஸ்டீராய்டை நாள்கணக்கில் சாப்பிட்டால் இரத்தத்தில் சர்க்கரை ஏறும், எலும்பு பலவீனமாகும்.

மூன்றும் பத்தும்: ஒரே ஆய்வு, இரண்டு வாசிப்பு

மலேசிய ஆய்வு வெளிவந்த பிறகும் வாக்குவாதம் ஓயவில்லை. மருந்தை ஆதரித்தவர்கள் அதே கட்டுரையின் உள்ளே இருந்த இன்னோர் எண்ணை எடுத்துக் காட்டினார்கள். 28 நாளுக்குள் மருத்துவமனையில் இறந்தவர்கள், ஐவர்மெக்டின் குழுவில் 3 பேர்; மற்றக் குழுவில் 10 பேர். ‘பாருங்கள், உயிர் காத்திருக்கிறது’ என்றார்கள்.

இது மேலோட்டமாகத் தள்ளிவிட வேண்டிய கேள்வி அல்ல. 3 எங்கே, 10 எங்கே? ஆனால் ஒரு நாணயத்தை எடுத்து 13 முறை சுண்டிப் பார்க்கலாம். தலை, பூ இரண்டும் சம வாய்ப்புள்ள நாணயம்தான். ஆனாலும் எப்போதும் 7-க்கு 6 என்று விழாது. 10-க்கு 3 அல்லது அதைவிட ஏற்றத்தாழ்வாக விழுவது, நூறு தடவை இப்படிச் செய்தால் ஏறக்குறைய 9 தடவை நடக்கும். மருந்து ஒன்றுமே செய்யாமல் இருந்தாலும் இப்படி ஒரு வேறுபாடு தற்செயலாக வர வாய்ப்பு உண்டு என்பதே இதன் பொருள். அதே நியாயம் மறுபக்கத்துக்கும் பொருந்தும். 52-க்கு 43 என்ற எண்ணைக் காட்டி, ஐவர்மெக்டின் நோயை முற்றச் செய்தது என்று சொல்வதும் தவறு. அந்த வேறுபாடும் தற்செயலின் எல்லைக்குள்தான் இருக்கிறது.

இன்னொரு விதியையும் இங்கே கவனிக்க வேண்டும். நல்ல ஆய்வில், எதை அளந்து முடிவு சொல்வோம் என்பதை முன்கூட்டியே எழுதி வைத்துவிடுவார்கள். இந்த ஆய்வில் அது ‘நோய் முற்றியதா’ என்பது. ஆய்வு முடிந்த பிறகு இருபது எண்களைத் தேடினால், ஏதாவது ஒன்று தமக்குப் பிடித்த பக்கம் சாய்ந்திருக்கும். சுவரில் அம்பெய்துவிட்டு, குத்திய இடத்தைச் சுற்றி வட்டம் வரைவதற்கு ஒப்பானது அது.

அப்படியானால் அந்த 3-க்கு 10 என்ற ஐயம் எப்படித் தீரும்? வேறு இடத்தில், இன்னும் அதிகமானவர்களிடம், மீண்டும் சோதிப்பதால் தீரும். மலேசிய ஆய்வில் யார் மருந்து சாப்பிடுகிறார் என்பது எல்லாருக்கும் தெரியும்; மருந்து போலவே தோற்றமளிக்கும் வெற்று மாத்திரை கொடுக்கப்படவில்லை. அது அந்த ஆய்வின் ஒரு குறை. பிரேசிலில் 1,358 பேரிடம் நடந்த ஆய்வில் வெற்று மாத்திரை கொடுத்து ஒப்பிட்டார்கள். நோய் மோசமாகி மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் அல்லது அவசரப் பிரிவில் நீண்ட நேரம் வைத்துக் கவனிக்கப்பட்டவர்கள், ஐவர்மெக்டின் குழுவில் 100 பேர், மற்றக் குழுவில் 111 பேர். இறப்பு 21-க்கு 24. மலேசியாவில் தெரிந்த அந்தப் பெரிய இடைவெளி அங்கே இல்லை. அமெரிக்காவில் பின்னர் நடந்த பெரிய ஆய்வும் குறிப்பிடத்தக்க பலனைக் காட்டவில்லை.

ஒரு சோறு எப்போது பதம்?

‘ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்பது பழமொழி. சோற்றுக்கு அது சரி. ஒரே அரிசி, ஒரே தண்ணீர், ஒரே தீ. மனிதர்கள் அப்படி ஒரே பதத்தில் வேகுபவர்கள் அல்லர். ஒரே மருந்து ஒருவருக்குக் கேட்கும், இன்னொருவருக்குக் கேட்காது. எனவே எத்தனை பேரிடம் சோதித்தார்கள் என்பது முக்கியம்.

தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்று 1998-இல் பிரிட்டனின் ‘தி லான்செட்’ இதழில் வந்த கட்டுரை 12 பிள்ளைகளை மட்டுமே கொண்டது. ஒப்பீட்டுக் குழுவே இல்லை. விசாரணையில் முறைகேடுகள் தெரியவந்து, 2010-இல் இதழ் அக்கட்டுரையை மீட்டுக் கொண்டது. டென்மார்க்கில் 657,461 பிள்ளைகளின் பதிவுகளைப் பார்த்து 2019-இல் வெளிவந்த ஆய்வு, அத்தகைய தொடர்பு இல்லை என்று காட்டியது. ஆனாலும் அந்த 12 பிள்ளைகளின் கதை இன்னும் பெற்றோர்களிடையே சுற்றிக் கொண்டிருக்கிறது.

பெயர் பெற்ற இதழில் வந்தது என்பதாலேயே ஓர் ஆய்வு சரியாகிவிடாது என்பதற்கும் இது எடுத்துக்காட்டு. மீட்டுக் கொள்ளப்பட்ட கட்டுரைகள் பழைய செய்திகளிலும் காணொளிகளிலும் தொடர்ந்து உயிர் வாழ்கின்றன. அவற்றைப் பகிர்பவருக்கு அது மீட்டுக் கொள்ளப்பட்டது தெரியாமலே இருக்கலாம்.

பாகற்காய்க்கு வருவோம்

இந்தக் கேள்விகளை நம் சமையலறைப் பாகற்காயிடம் கேட்டுப் பார்க்கலாம். இதையும் மலேசியர்களே கேட்டிருக்கிறார்கள். புத்ரா மலேசியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பாகற்காயும் நீரிழிவும் குறித்து உலகில் நடந்த ஆய்வுகளைத் தேடித் தொகுத்து, தொகுப்பாய்வுகளுக்குப் பெயர் பெற்ற ‘கொக்ரேன்’ அமைப்பின் வழியாக 2012-இல் வெளியிட்டார்கள். குலுக்கல் முறையில் நடந்து, அவர்களின் அளவுகோலுக்குப் பொருந்தியவை நான்கே ஆய்வுகள். மொத்தம் 479 பேர். மிக நீண்ட ஆய்வுகூட மூன்று மாதத்துக்கு மேல் போகவில்லை. பாகற்காய்த் தயாரிப்பை நீரிழிவுக்குப் பரிந்துரைக்கப் போதிய சான்று இல்லை என்பது அவர்களின் முடிவு.

இதைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். பாகற்காயால் பயன் இல்லை என்று அது நிரூபிக்கவில்லை. பயன் உண்டு என்று சொல்லும் அளவுக்குச் சான்று இல்லை என்கிறது. இரண்டும் வெவ்வேறு. பாகற்காயைப் பிரட்டலாகவோ குழம்பாகவோ சாப்பிடுவதற்கு இது தடையல்ல. மாத்திரைக்குப் பதிலாக அதை எடுத்துக்கொள்ள ஆதாரம் இல்லை என்பதுதான் செய்தி.

மறுபக்கம், கிளினிக்கில் கொடுக்கும் மெட்ஃபார்மின் மாத்திரை எதன்மேல் நிற்கிறது என்றும் கேட்க வேண்டும். பிரிட்டனில் 1977-இல் தொடங்கி, 5,000-க்கும் மேற்பட்ட புதிய நீரிழிவு நோயாளிகளைச் சராசரியாகப் பத்தாண்டு பின்தொடர்ந்த ஆய்வு 1998-இல் முடிவுகளை வெளியிட்டது. சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால் கண், சிறுநீரகப் பாதிப்புகள் குறைகின்றன என்றும், உடல் எடை கூடியவர்களிடம் மெட்ஃபார்மின் நல்ல பலன் தருகிறது என்றும் அது காட்டியது. மூன்று மாத ஆய்வு சொல்ல முடியாததைப் பத்தாண்டு ஆய்வால் சொல்ல முடிந்தது.

‘மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுக்கும்’ என்ற பயமும் பரவலானது. மெட்ஃபார்மின் சிறுநீரகம் வழியாக வெளியேறும் மருந்து. சிறுநீரகம் ஏற்கனவே பலவீனமானவர்களுக்கு மருத்துவர் அளவைக் குறைப்பார் அல்லது நிறுத்துவார். அதைப் பார்த்தவர்கள், மாத்திரைதான் கெடுத்தது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். கெடுப்பது கட்டுக்கடங்காத சர்க்கரையும் இரத்த அழுத்தமும்.

இது மூலிகைக்கும் ஆங்கில மருந்துக்கும் இடையே உள்ள சண்டையும் அல்ல. மெட்ஃபார்மினின் வரலாறே ஐரோப்பாவில் நாட்டு வைத்தியத்தில் பயன்பட்ட ஒரு செடியிலிருந்துதான் தொடங்குகிறது. அந்தச் செடியின் வேதிப்பொருளை ஆராய்ந்து, பாதுகாப்பான வடிவத்தைக் கண்டுபிடித்து, மனிதரிடம் சோதித்த பிறகுதான் அது மாத்திரையானது. நம் மூலிகைகளும் அதே சோதனையைச் சந்திக்கத் தகுதியானவை.

எம்.ஏ.எல். எண் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை

சந்தையில் விற்கும் தயாரிப்புகளில் ‘சுகாதார அமைச்சின் அங்கீகாரம் பெற்றது’ என்ற வரியும் ‘எம்.ஏ.எல்.’ என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கும். எண்ணின் இறுதியில் ‘டி’ என்ற எழுத்து இருந்தால் அது பாரம்பரிய மருந்து. தேசிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பு அதன் தரத்தையும் பாதுகாப்பையும் பார்த்திருக்கிறது. இனிப்புநீரைக் குணப்படுத்தும் என்று மனிதரிடம் சோதித்து உறுதி செய்ததாக அதற்குப் பொருள் இல்லை. எண்ணே இல்லாத தயாரிப்பில் அந்தப் பாதுகாப்பும் இல்லை. எண் உண்மையானதா என்பதை அமைப்பின் இணையத்தளத்தில் யாரும் தேடிப் பார்க்கலாம்.

சட்டமும் ஒரு கோடு போட்டிருக்கிறது. 1956-ஆம் ஆண்டின் மருந்து விளம்பரம், விற்பனைச் சட்டத்தின்படி, நீரிழிவு, புற்றுநோய், சிறுநீரக நோய், இருதய நோய், உயர் இரத்த அழுத்தம் உள்ளிட்ட 20 நோய்களுக்குச் சிகிச்சை என்று பொதுமக்களிடம் மருந்தை விளம்பரப்படுத்தக் கூடாது. ஆகவே ‘இனிப்புநீர் முற்றாகக் குணமாகும்’ என்று ஒரு தயாரிப்பு விளம்பரம் செய்தால், அந்த வரியே எச்சரிக்கைதான்.

பகிரும் முன் கேட்க வேண்டியவை

ஆங்கில மருத்துவக் கட்டுரையை முழுதாகப் படிக்க எல்லாராலும் முடியாது. தேவையும் இல்லை. சில கேள்விகள் போதும்.

சோதனை நடந்தது மனிதரிடமா, எலியிடமா, பாத்திரத்திலா? எத்தனை பேரிடம், எவ்வளவு காலம்? மருந்து எடுக்காத குழுவோடு ஒப்பிட்டார்களா. குழுவைக் குலுக்கலில் பிரித்தார்களா? முன்பே முடிவு செய்த கேள்விக்கு வந்த பதிலா, பிறகு தேடி எடுத்த எண்ணா? வேறு யாராவது மீண்டும் செய்து அதே முடிவு வந்ததா? செலவை ஏற்றது யார், அந்தப் பொருளை விற்பவரா? எந்தப் பல்கலைக்கழகம், எந்த ஆண்டு, எந்த இதழ் என்ற விவரம் செய்தியில் இருக்கிறதா? ‘அமெரிக்க ஆய்வு’ என்று மட்டும் சொல்லி, பெயரே இல்லாவிட்டால் அது ஆய்வா இல்லையா என்றே சரிபார்க்க முடியாது.

செய்தி வந்தவுடன் அரசாங்கத்தின் ‘செபெனார்ஞா’ தளத்தில் தேடிப் பார்க்கலாம். கிளினிக்கில் மருந்து கொடுக்கும் முகப்பில் இருக்கும் மருந்தாளரிடம் செய்தியைக் காட்டிக் கேட்கலாம். அது அவர்களின் வேலையில் ஒரு பகுதி. மூலிகைச் சாறோ பொடியோ எடுத்துக் கொண்டிருந்தால் அதை மருத்துவரிடம் மறைக்க வேண்டாம். சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரையோ இன்சுலினோ போடுபவர் கூடவே அத்தகைய சாற்றையும் குடித்தால், சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கி மயக்கம் வரக்கூடும்.

வீட்டில் பெரியவர் ஒருவர் மாத்திரையை நிறுத்திவிட்டு இலைச்சாறுக்கு மாறியிருந்தால் சண்டை போடுவதில் பயன் இல்லை. எச்பிஏ1சி பரிசோதனைக்கு அழைத்துச் செல்வது நல்லது. கடந்த இரண்டு மூன்று மாதத்தின் சராசரி சர்க்கரையை அது காட்டிவிடும். மாத்திரை எடுத்த காலத்தின் எண்ணையும் சாறு குடித்த காலத்தின் எண்ணையும் கிளினிக் அட்டையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். மருந்தை மாற்றுவதா வேண்டாமா என்ற பேச்சை மருத்துவர் முன்னிலையில் அந்த எண்களிலிருந்து தொடங்கலாம்.